கஞ்சி குடித்த பிள்ளைகளும் 0.05ம்

உங்கள் வீட்டில் எம்.எஸ்ஸி.யோ எம்.பி.ஏ.வோ படிக்கிற பிள்ளை இருந்தால் ‘டி-டெஸ்ட்’ என்ற வார்த்தை காதில் விழுந்திருக்கும். ஏதோ ரத்தப் பரிசோதனை என்றுதான் என் மாமியார் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவள் நான். யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வேன்: இரண்டு கூட்டத்தின் சராசரிகளுக்கு நடுவே ஒரு வித்தியாசம் தெரிகிறது; அது தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய அளவுதானா என்று பார்க்கிற கணக்கு, அவ்வளவே.

இந்தக் கணக்கு பிறந்த இடத்தைச் சொன்னால் வகுப்பில் எப்போதும் சிரிப்பு வரும். டப்ளினில் இருந்த கின்னஸ் பீர் ஆலை! அங்கே வேலை பார்த்த வில்லியம் கோசெட்டுக்கு, கையில் இருக்கும் சில மாதிரிகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயம். அதற்கு அவர் கண்ட வழி 1908ல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை விடாததால் ‘ஸ்டூடண்ட்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஸ்டூடண்டுகளை நூறு வருஷமாகப் பயமுறுத்துகிறவர் பெயரே ஸ்டூடண்ட்!

இந்த ஜனவரியில் என் தம்பி மகள் போன் செய்தாள். ஊட்டச்சத்துப் படிப்பில் கடைசி வருஷம். ஓர் அங்கன்வாடியில் பாதிப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்து, மீதிப் பேருக்கு வழக்கமான சாப்பாடு மட்டும் கொடுத்து, எடை எவ்வளவு ஏறியது என்று பார்த்திருக்கிறாள். கஞ்சி குடித்தவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஏறியிருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் ‘பி’ மதிப்பு 0.07 என்று சொல்லிவிட்டது.

“0.05க்குக் கீழே வந்தாத்தான் மதிப்பு அத்தை. எடையே ஏறாத ரெண்டு பிள்ளைங்களை எடுத்துட்டாச் சரியாயிடும்னு கூடப் படிக்கிறவ சொன்னா. போட்டுப் பார்த்தேன். வந்துடுச்சு.”

“அந்த ரெண்டும் கஞ்சி குடிச்ச பிள்ளைங்கதானே?”

“ஆமாம்.”

“அப்போ அதுங்க ரெண்டும் எங்கடீ போச்சு?”

பதில் இல்லை. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. ஒரு கோட்டைக் கிழித்து, இந்தப் பக்கம் பாஸ், அந்தப் பக்கம் ஃபெயில் என்று பழக்கிவைத்தால் பிள்ளைகள் வேறென்ன செய்யும்?

0.07 என்ன சொல்கிறது? கஞ்சியால் எந்தப் பலனுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், பிள்ளைக்குப் பிள்ளை இருக்கிற இயல்பான ஏற்ற இறக்கத்தாலேயே, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் நூற்றுக்கு ஏழு தடவை தென்படும். சொல்வது இவ்வளவுதான். ‘கஞ்சியில் பலன் இல்லாமலிருக்க ஏழு சதவீத வாய்ப்பு’ என்று பலர் படிக்கிறார்கள். அது வேறு கேள்வி. ‘0.05க்கு மேலே போய்விட்டது, ஆகவே கஞ்சி வீண்’ என்பதும் தப்பு. பிள்ளைகள் குறைவாக இருந்ததால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவே. கூட்டம் மிகப் பெரிதாக இருந்தால் துளியூண்டு வித்தியாசம்கூட 0.05க்குக் கீழே போய்விடும். சத்துமாவு டப்பாவில் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று போட்டிருந்தால், எத்தனை கிராம் ஏறிற்று என்று நான் கேட்பது அதனால்தான்.

சரி, அந்த 0.05 எங்கிருந்து வந்தது? 1925ல் வந்த தன் புத்தகத்தில் ரொனால்ட் ஃபிஷர், இருபதுக்கு ஒன்று என்பது வசதியான எல்லை என்றார். வசதிக்கு வைத்தது வேதமாகிவிட்டது. இந்த எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016ல் அறிக்கை விட வேண்டியிருந்தது.

அவளுக்கு இன்னொரு கதையும் சொன்னேன். 1930ல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் பகுதியில் 67 பள்ளிகளில் 20,000 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை. 10,000 பேருக்கு நான்கு மாதம் தினமும் முக்கால் பைண்ட் பால். மற்ற 10,000 பேருக்கு இல்லை. எத்தனை பெரிய கூட்டம்! ஆனால் அடுத்த வருஷமே நம் ஸ்டூடண்ட் அதைப் பிரித்துப் போட்டுவிட்டார். குலுக்கியோ அகர வரிசையிலோ பிரித்த பிறகு, ஒரு பக்கம் நோஞ்சான்கள் கூடிவிட்டதாகத் தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளிகளுக்கு அனுமதி இருந்தது. ஏழைப் பிள்ளையைப் பார்த்தால் எந்த டீச்சருக்குத்தான் மனசு கேட்கும்? பால் கிடைக்காதவர்கள் ஆரம்பத்திலேயே மூன்று மாத வளர்ச்சி அளவுக்கு எடையிலும், நான்கு மாத அளவுக்கு உயரத்திலும் முன்னால் நின்றார்கள். போதாததற்கு, எடை பார்த்தது உடுப்போடு. குளிர்காலத்தில் கனமான துணி, ஜூனில் லேசான துணி. வசதியான பிள்ளைக்கு உடுப்பிலேயே எடை குறைந்துவிடும். ஏழைப் பிள்ளையிடம் குறைய என்ன இருக்கிறது? உருவொத்த இரட்டையர் 50 ஜோடி கிடைத்திருந்தால் இந்த 20,000 பேரைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்று எழுதினார் ஸ்டூடண்ட்.

“உன் பிள்ளைங்களைப் பிரிச்சது யாரு?” என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் அங்கன்வாடிக்குப் போய் விசாரித்தாள். கஞ்சி ஊற்றிய ஆயாம்மா மறைக்கவே இல்லை. “வத்தலும் தொத்தலுமா இருக்கிற பிள்ளைங்களாப் பார்த்துத்தான் கண்ணு உக்கார வெச்சேன். கொழுகொழுன்னு இருக்கிறதுக்கு எதுக்குக் கஞ்சி?”

ஆயாம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்தப் பதிலுக்குப் பிறகு 0.07 ஆனாலும் 0.04 ஆனாலும் ஒன்றுதான். கஞ்சியால் வந்த வித்தியாசமா, மெலிந்த பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் வளர்கிற விதத்தில் உள்ள வித்தியாசமா என்று எந்த டி-டெஸ்டும் பிரித்துச் சொல்லாது.

அந்த இரண்டு பிள்ளைகளையும் அட்டவணையில் திரும்பச் சேர்த்தாள். 0.07ஐ அப்படியே போட்டாள். பிரித்த விதத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். “எதுக்கும்மா இதெல்லாம்?” என்று அவளுடைய கைடு இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம். வைவா அடுத்த மாதம்.