கட்டுச்சோறும் வழித்துணையும்

நெடுவழி செல்வோர்க்குத் தேவையானவை இரண்டு. ஒன்று கட்டுச்சோறு, மற்றொன்று வழித்துணை. உணவும் வரைபடமும் கைப்பேசிக்குள் அடங்கிவிட்ட இக்காலத்தில் இவ்விரு சொற்களும் பழமையானவையாகத் தோன்றலாம். ஆயினும், இவற்றின் பொருளைப் பயணிகள் இன்றும் மறந்துவிட முடியாத சாலை ஒன்று உலகின் வடகோடியில் உண்டு.

கனடாவின் யூக்கான் பகுதியில் டாசன் நகருக்கு அருகே பிரிகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இச்சாலை, மலைகளையும் மரமற்ற தூந்திர வெளியையும் கடந்து, ஏறத்தாழ 740 கிலோமீட்டர் வடக்கே சென்று இனுவிக் என்னும் ஊரை அடைகிறது. 2017ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து மற்றொரு சாலை ஆர்க்டிக் பெருங்கடலின் கரைவரை நீள்கிறது. இங்கே நிலத்தடி மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். அது உருகினால் சாலை அமிழ்ந்துவிடும். ஆகவே, தடித்த சரளைப் படுகையின்மேல் இச்சாலையை அமைத்துள்ளனர். அச்சரளையின் கூரிய கற்கள் வண்டியின் டயர்களைக் கிழிக்க வல்லவை.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் கொண்ட கேம்பர் வேன்களில் கோடைதோறும் பயணிகள் இவ்வழியே செல்கின்றனர். எவற்றைக் காணலாம் என்பதைவிட, எவை கிடைக்கமாட்டா என்பதையே அவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். புறப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈகிள் பிளெயின்ஸ் என்னும் இடத்தில்தான் முதல் எரிபொருள் நிலையம் உள்ளது. வழியின் பெரும்பகுதியில் கைப்பேசி இயங்காது. பீல், மெக்கன்சி ஆகிய ஆறுகளைக் கோடையில் படகுத்துறைகளின் வழியாகவும், குளிர்காலத்தில் உறைந்த நீரின்மீதும் கடக்க வேண்டும். பனி உறையத் தொடங்கும்போதும் உடையும்போதும் சில வாரங்கள் இரண்டு வழியும் இல்லை. பயண நாளைக் குறிக்கும் உரிமை அங்கே ஆறுகளுக்கே உரியது.

இந்நிலத்தைக் குறைத்து மதிப்பிட்டதன் விலையை ஒரு பழைய நிகழ்ச்சி உணர்த்துகிறது. 1910ஆம் ஆண்டு டிசம்பரில் குதிரைக் காவல்படை அதிகாரி ஃபிட்ஜெரால்டு, மூவருடன் நாய்ச் சறுக்குவண்டிகளில் மெக்பர்சன் கோட்டையிலிருந்து டாசனுக்குப் புறப்பட்டார். விரைந்து சென்று புதிய சாதனை படைக்க விரும்பிய அவர், சுமையைக் குறைக்க உணவைக் குறைத்தார். இடையில் வழிகாட்டிய குவிச்சின் பழங்குடியினர் ஒருவரையும் சில நாள்களிலேயே அனுப்பிவிட்டார். குழுவில் வழிகாட்டியாக வந்தவரோ அவ்வழியில் முன்பு ஒருமுறை, அதுவும் எதிர்த்திசையில், சென்றவர். திரும்ப வேண்டிய ஓடையைக் காணாமல் பல நாள்கள் அலைந்தபின் அவர்கள் கோட்டைக்கே திரும்ப முற்பட்டனர். உணவு தீர்ந்தது. வண்டி இழுத்த நாய்களையே உண்ணும் நிலை வந்தது. 1911ஆம் ஆண்டு பிப்ரவரியில் நால்வரும் மாண்டனர். ஃபிட்ஜெரால்டின் உடல் கிடந்த இடம் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே.

அவர்கள் துணிவில் குறைந்தவர்கள் அல்லர்; குளிரைப் பழகியவர்கள். குறைந்தவை இரண்டே: கட்டுச்சோறும் வழித்துணையும். அவர்களைத் தேடிச் சென்று உடல்களைக் கண்டெடுத்தவர் டெம்ப்ஸ்டர் என்னும் அதிகாரி. அவர் பழங்குடி வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் சென்றிருந்தார். அவருடைய பெயரையே இன்று அந்நெடுஞ்சாலை தாங்கி நிற்கிறது.

இன்று வேனில் ஏற்றப்படும் இரண்டு மாற்று டயர்களும், சில நாள்களுக்குக் கூடுதலான உணவும் குடிநீரும் கட்டுச்சோற்றின் புதிய வடிவங்களே. புறப்படுமுன் உள்ளூர் மக்களிடம் சாலை நிலவரத்தைக் கேட்டறிவதும், திரும்பும் நாளை ஒருவரிடம் சொல்லி வைப்பதும் வழித்துணையின் வடிவங்கள். மழையால் சாலை சேறானால் ஈகிள் பிளெயின்சிலேயே தங்கிவிடவும், வேண்டுமெனில் திரும்பிவிடவும் நாள்கள் மிச்சம் இருக்க வேண்டும். அத்தகைய மிச்சத்தை வீண் என்று கருதுவோர் பலர். ஆனால், எண்ணியபடி எல்லாம் நடக்கும் என்று நம்பி வகுப்பது வெறும் விருப்பம். எண்ணியது தவறினாலும் வீடு திரும்ப வழி வைப்பதே திட்டம்.