ஏரிக்கரை ஊரில் ஒரு பகல்

ஊர் காணப் போவோர் பலர். ஊரைக் கண்டு மீள்வோர் சிலரே. படங்களிற் பார்த்துப் பழகிய ஊருக்குச் செல்லுங்கால் இவ்விடர் இன்னும் மிகுதியாம். கண்ணானது தான் முன்னரே அறிந்த காட்சியைத் தேடிச் செல்கின்றது. அதனைக் கண்டதும் நிறைவுற்று மற்றவற்றை மறந்துவிடுகின்றது. 2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஆஸ்திரிய நாட்டின் மலைகளுக்கிடையே ஹால்ஸ்டாட் என்னும் ஏரிக்கரை ஊரில் நண்பர் மூவரோடு யான் கழித்த ஒரு பகலைப் பற்றி நம் கல்லூரி அன்பர்க்குச் சில சொல்ல விழைகின்றேன். அவ்வூரின் எழில் உலகறிந்தது. ஆதலின் அதனைச் சுருக்கி, அவ்வெழிலுக்குப் பின்னே நிற்கும் உழைப்பையும் துயரையும் சற்றே விரித்துரைப்பேன்.

மாணவர் பரிமாற்ற முறையில் ஸால்ஸ்பர்க் நகரில் ஒரு திங்கள் தங்கும் வாய்ப்பு எனக்கும் நம் கல்லூரி வரலாற்று மாணவர் ஒருவருக்கும் கிட்டியது. அங்கே எங்கள் விடுதியில் போலந்து நாட்டு மாணவி ஒருவரும், சீன நாட்டின் குவாங்டாங் மாகாணத்து மாணவர் ஒருவரும் எங்களோடு நட்புப் பூண்டனர். ஒரு சனிக்கிழமை விடியலில் நால்வரும் புறப்பட்டோம். கையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். என் தோழர் பெட்டியில் அவர் பாட்டியார் கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய். பேருந்தில் பாட் இஷல் என்னும் ஊர் வரை சென்று, அங்கிருந்து புகைவண்டி ஏறினோம்.

ஹால்ஸ்டாட் நிலையத்தில் இறங்கினால் ஊர் இல்லை! நிலையம் ஏரியின் கீழ்க்கரையில், ஊர் மேல்கரையில். 1877-இல் இருப்புப்பாதை இட்டோர் கீழ்க்கரையோடே இட்டுச் சென்றனர். மேல்கரையிலோ, மலை நேரே நீருள் இறங்குகின்றது. பாறையை வெடிவைத்துத் தகர்த்து அவ்வூருக்கு முதன்முதல் ஒரு சாலை அமைத்தது 1890-இலேதான். அதுவரை படகும் மலையடிப் பாதையுமே வழிகளாம். இன்றும் புகைவண்டியில் வருவோரைப் படகே அக்கரை சேர்க்கின்றது. நாங்களும் ஏறி நின்றோம். நூற்றிருபது மீட்டருக்கு மேல் ஆழமுடைய அந்நீர் காலையில் கருநீலமாய், அசைவற்றுக் கிடந்தது. மரவீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பனபோல் மலைச்சரிவில் அடுக்காய்த் தோன்றின. அவற்றிடையே கூர்மையான கோபுரம் ஒன்று வானைச் சுட்டியது. உலகெங்கும் படங்களிற் காணப்படும் கோபுரம் அதுவே.

அக்கோபுரத்தின் கதையைப் படத்திற் காண இயலாது. பதினாறாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்து உப்புத் தொழிலாளருட் பலர் லூத்தரின் போதனையைத் தழுவினர். அரசு அதனை ஒப்பவில்லை. 1734-இல் இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பல தொலைவிலுள்ள டிரான்சில்வேனியாவுக்குப் பெயர்க்கப்பட்டன. எஞ்சினோர் மறைவில் வழிபட்டனர். 1781-இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அளித்த சாசனம் அவர்கள் கூடி வழிபட இசைந்தது. ஆயினும் வழிபாட்டு மனைக்குக் கோபுரம் கூடாது, மணி கூடாது, தெருவை நோக்கிய வாயிலும் கூடாது. 1861-இல்தான் அத்தடைகள் முற்றும் நீங்கின. ஈராண்டு கழித்து, 1863-இல், இக்கோபுரக் கோயில் எழுந்தது. நூற்றாண்டுக்கணக்காய்த் தலைகுனிந்து தொழுதோர் தலைநிமிர்ந்ததன் அடையாளம் அது என்று என் தோழர் கூறியபோது, படகில் இருந்த நாங்கள் நால்வரும் அதனைப் புதிதாய் ஏறிட்டு நோக்கினோம்.

கரையேறியதும் மக்கள் வெள்ளம். அவ்வூரில் வாழ்வோர் 800-க்கும் குறைவு. ஆண்டுதோறும் காண வருவோரோ பத்து லட்சத்தை எட்டுவர் என்பர். ஒரு வீட்டுச் சாளரத்தில் மூதாட்டி ஒருவர் பூந்தொட்டிகளுக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிற்படியில் ஐவர் நின்று படம் எடுத்துக்கொண்டனர். அவர் ஒன்றும் கூறாமல் சாளரக் கதவைச் சாத்திக்கொண்டார். ‘இது காட்சிசாலை அன்று, குரலைத் தாழ்த்துக’ என்னும் கருத்தில் அறிவிப்புகள் வைக்கும் நிலைக்கு அவ்வூரார் வந்ததன் காரணம் அப்போது எங்களுக்கு விளங்கிற்று. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், படமெடுப்போர் திரளும் ஓரிடத்தில் காட்சியை மறைத்து மரவேலி நட்டனர். எதிர்ப்பு எழவே பின்னர் அகற்றினர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஊரார் கூடிச் சாலைக் குகைவழியைச் சிறிது நேரம் மறித்துத் தம் குறையை உலகுக்கு அறிவித்தனர்.

கம்பிவட ஊர்தியை விடுத்து, கால்நடையாகவே உப்புமலை ஏறினோம். ஒரு மணி நேர ஏற்றம். தமிழ் பயிலும் எனக்கு அம்மலை ஒரு வியப்பு. நம் இலக்கணம் உப்பை நெய்தலுக்கு உரியதாக்கும். உமணர் அதனைக் கடற்கரையினின்று வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசெல்வர். இங்கோ உப்பு குறிஞ்சியில் பிறக்கின்றது! பழங்காலக் கடல் வற்றி விட்டுச்சென்ற உப்பு, மலை எழுந்தபோது அதன் வயிற்றுள் அகப்பட்டுக்கொண்டதாம். ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகட்கு முன்னரே மாந்தர் இதனைத் தேடி வந்தனர் என்பர் ஆய்வாளர். பிற்காலத்தார் நன்னீரை மலையுள் விட்டு, உப்பைக் கரைத்து, அவ்வுவர்நீரைக் குழாய் வழியே 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபன்ஸேக்கு ஓட்டிக் காய்ச்சினர். 1595 முதல் 1607 வரை அமைத்த அக்குழாய்க்குக் குடைந்த மரங்கள் 13,000 ஆம்.

சுரங்கத்துள் வெம்மை எட்டுப் பாகையே. தொழிலாளர் அணிவது போன்ற தடித்த உடையைத் தந்தனர். மரச் சறுக்குகளில் ஒருவர் பின் ஒருவராய்ச் சறுக்கி இறங்கியபோது சிறுபிள்ளைகள்போல் ஆரவாரித்தோம். ஆனால் அடியில் கண்டது எங்கள் நகையை அடக்கிற்று. 2002-இல் வெளிப்பட்ட மரப் படிக்கட்டு அது. கி.மு. 1344-ஐ ஒட்டி வெட்டிய மரங்களால் ஆயது. ஐரோப்பாவில் கிடைத்த மரப் படிக்கட்டுகளுள் மிகப் பழையது. உப்பு அதனை மக்கவிடவில்லை. உப்பு காத்தவை இன்னும் பல: தோற்பைகள், கம்பளித் துணிகள், உண்ட உணவின் மிச்சங்கள். அவர்கள் உண்டவற்றுள் வாற்கோதுமையும் அவரையினமும் தினையும் உண்டு. தினை என்றதும் என் உள்ளம் துள்ளிற்று. சிறு தோற்காலணிகளும் கிடைத்துள்ளன. இருளில் உழைத்தோருள் பிள்ளைகளும் இருந்தனர் என்பதற்கு அவை சான்று. சறுக்கி விளையாடிய எங்கள் கால்களை யான் ஒருமுறை குனிந்து நோக்கினேன்.

அம்மலையில் 1734-இல் பழங்காலத் தொழிலாளி ஒருவனின் உடல், பாறை உப்பினுள் இறுகியவாறே கிடைத்தது. வாழும் அயலாரை ஊரைவிட்டுப் பெயர்த்த அதே ஆண்டில், எக்காலத்தவன் என்றே அறியாத அம்மனிதனுக்கு அவ்வூர்க் கல்லறைத் தோட்டம் இடந்தந்தது! அடுத்த நூற்றாண்டில், 1846 முதல் 1863 வரை, சுரங்க அலுவலர் ராம்ஸவர் மேற்பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 980 புதைகுழிகளைத் தோண்டிக் கண்டவற்றை முறையே எழுதியும் வரைவித்தும் வைத்தார். ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கு ஹால்ஸ்டாட் காலம் என்ற பெயர் வழங்குவது அவ்வுழைப்பின் பயனே.

பிற்பகலில் இறங்கி, கத்தோலிக்கக் கோயிலை அடுத்த கல்லறைத் தோட்டத்தை அடைந்தோம். மலைக்கும் நீருக்கும் இடையே ஒரு கைக்குட்டையளவு நிலம். இடமின்மையால், அடக்கம் செய்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் சென்றபின் குழியைத் திறந்து, எலும்புகளை எடுத்துத் தூய்மைசெய்து, சிற்றாலயத்தின் கீழறையில் அடுக்கினர். அங்கே சுமார் 1,200 மண்டையோடுகள் உள்ளன. 600-க்கு மேற்பட்டவற்றில் ஓவியம் உண்டு. நெற்றியில் பெயர், சுற்றிலும் இலைக்கொடியோ மலரோ. இவ்வழக்கம் 1720-ஐ ஒட்டித் தொடங்கிற்று. இறுதியாக ஒன்று வைக்கப்பட்டது 1995-இல். கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் எரியூட்டுதலுக்கு இசைந்தபின் இவ்வழக்கத்திற்குத் தேவை குறைந்துவிட்டது.

போலந்துத் தோழியார் அஞ்சி வாயிலிலேயே நின்றுவிட்டார். எனக்கு அச்சம் தோன்றவில்லை. எங்கள் நகரத்துக் கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லை. என் பாட்டியார் இறந்தபோது பாட்டனாரின் குழியையே திறந்தோம். எனக்கு அப்போது வயது பதினொன்று. வெட்டியோர் ஒரு துணியில் எதையோ பொதிந்து ஓரமாய் வைத்தனர். பெரியோர் என் முகத்தைத் திருப்பிவிட்டனர். அத்துணியில் இருந்தது என்னவென்று வீட்டில் எவரும் பேசியதில்லை, யானும் வினவியதில்லை. பாட்டனாரை ஏதோ அவமதித்தோமோ என்னும் ஐயம் மட்டும் எட்டாண்டுகளாய் என்னுள் கிடந்தது. இவ்வூராரோ அதே இடநெருக்கடியில், எலும்பை வெயிலில் உலர்த்தி, பெயரெழுதி, மலர் தீட்டி, உறவினர் அருகே வைத்தனர். இடம் போதாமை அன்பின் குறையன்று என்பதை அவ்வறையில் உணர்ந்தேன். ஊர் திரும்பியதும் தந்தையாரிடம் அத்துணியைப் பற்றிக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் தம் கையாலேயே அவ்வெலும்புகளைப் பாட்டியாரின் கால்மாட்டில் வைத்ததாகக் கூறினார்.

வெளியே வந்தபோது சீன நண்பர் ஒரு செய்தி கூறினார். அவருடைய மாகாணத்தில் ஹால்ஸ்டாட்டைப் போலவே கோயிலும் சதுக்கமும் வீடுகளும் சமைத்து, 2012-இல் திறந்துள்ளனர். சிறுவயதில் அங்கே சென்றிருக்கின்றார். “அங்கும் அழகுதான், கூட்டமும் உண்டு. ஆனால் அங்கே இறந்தவர் எவரும் இல்லை” என்றார். அவர் விளையாட்டாய்ச் சொன்னாலும் யாரும் நகைக்கவில்லை.

படகுக்குக் காத்திருந்த வேளையில் கரையோர விசிப்பலகையில் அமர்ந்து உண்டோம். ரொட்டியில் ஊறுகாயைத் தடவித் தின்ற போலந்துத் தோழியார் கண்கலங்க, உப்பின் பெருமையை இப்போதுதான் முற்றும் அறிந்ததாகக் கூறினார். பின்னர் ஒரு வழக்கு எழுந்தது. இத்தகைய ஊருக்கு வராமலிருப்பதே அறம் என்றார் அவர். சுரங்கத்தில் முன்போல் பலர்க்கு வேலையில்லை, வருவோர் தரும் பணமே பலர்க்குச் சோறு என்றார் என் தோழர். காலையில் வந்து மாலையில் நீங்குவோர் விட்டுச்செல்வது பெரும்பாலும் குப்பையும் கூச்சலுமே என்றார் சீன நண்பர். நாங்களும் அவ்வகையினரே என்பதை நால்வரும் ஒப்புக்கொண்டோம்.

வழக்கு முடிவுறவில்லை. எனினும் எனக்குத் தோன்றியது இது. ஓர் ஊரின் முகத்தை மட்டும் பார்த்து மீள்வோன் அவ்வூரைக் காட்சிப்பொருளாக்குகின்றான். அவ்வூரார் எதனால் வாழ்ந்தனர், எதன்பொருட்டு வருந்தினர், தம் இறந்தோரை எங்ஙனம் போற்றினர் என்று வினவுவோனே விருந்தினன் ஆகின்றான். விருந்தினனுக்குக் கடமைகள் உண்டு. வாயிற்படியை மறியாமை, குரலைத் தாழ்த்துதல், இயலுமாயின் ஓரிரவேனும் தங்கிச் செல்லுதல், எல்லாவற்றினும் மேலாக, காட்டப்படாத சாளரத்துள் எட்டிப் பாராமை. இவை அரிய செயல்கள் அல்ல. அன்பர்களே, நம்முள் பலர் இனித் தொலைநாடுகளைக் காணப் போவீர். சிலர் நம் நாட்டிலேயே மலையூர்களுக்கும் கடற்கரையூர்களுக்கும் கூட்டமாய்ச் செல்வீர். செல்லுமுன், அவ்வூரைப் பற்றிப் படத்தில் இல்லாத ஒரு செய்தியையேனும் அறிந்து செல்லுங்கள். அவ்வொன்றே ஊரார்க்கும் உமக்கும் இடையே ஒரு சிறு உறவை உண்டாக்கும்.