பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து உங்கள் எல்லைக்கல் வரை

சென்னைக்கு வரும் கிராமத்துக் குடும்பங்களில் பலர் பெசன்ட் நகருக்கு ஒரு நடை வந்துதான் திரும்புவார்கள். அஷ்டலட்சுமி கோயிலுக்குச் சிலர், வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குச் சிலர். மாலையில் எல்லோரும் எலியட்ஸ் கடற்கரை மணலில் வந்து உட்காருவார்கள். 1930-ல் பிறரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் வெள்ளை நினைவு மண்டபம் அங்கே நிற்கிறது. பிள்ளைகள் அதன் நிழலில் விளையாட, பெரியவர்கள் செல்போனை எடுத்து ஊரில் இருக்கும் தங்கள் நிலத்தை மேப்பில் தேடிப் பார்ப்பதும் உண்டு.

பல வீடுகளில் வம்பு அங்கேதான் தொடங்குகிறது. "மேப்பில் என் எல்லைக்கோடு பக்கத்துக்காரர் தென்னை வரிசைக்குள் போய் நிற்கிறது. அப்படியானால் அவர் என் நிலத்தைப் பிடித்திருக்கிறாரா?" என்ற கேள்வி இன்று ஊருக்கு ஊர் கேட்கிறது. இதற்கான பதிலின் ஒரு பாதி இந்தக் கடற்கரைக்கு அருகிலேயே இருக்கிறது.

ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்களில் அலை ஏறி இறங்குவதைப் பல ஆண்டுகள் குறித்துவைத்து, சராசரி எடுத்து, அதையே சுழியம் என்று வைத்துக்கொண்டார்கள். மேட்டூரின் உயரமும் ஊட்டியின் உயரமும் அந்தச் சுழியத்திலிருந்து எண்ணப்பட்டவைதான்.

உயரத்துக்குக் கடல் தொடக்கம். தூரத்துக்கு எது தொடக்கம்? அதைப் பார்க்கப் பெசன்ட் நகரிலிருந்து மேற்கே போக வேண்டும். அடையாறு தாண்டினால் கிண்டி. அங்குள்ள பொறியியல் கல்லூரி, 1794-ல் நில அளவை கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அதையும் தாண்டினால் பரங்கிமலை. மலைமேல் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் மார்பளவுச் சிலை இருக்கிறது.

1802 ஏப்ரல் 10-ம் தேதி லாம்ப்டன் பரங்கிமலை அருகே ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர். இன்று மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று வீடுகள் நெருங்கிக் கிடக்கும் பகுதி அது. 100 அடி நீள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து, சுமார் 400 முறை நகர்த்தினார்கள். முடிக்க 57 நாள் ஆனது.

12 கிலோமீட்டருக்கு ஏன் அத்தனை நாள்? சித்திரை வெயிலில் எஃகு நீளும். வெப்பம் 10 டிகிரி கூடினால் 100 அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். 400 முறை வைத்தால் பிழை சேர்ந்து சேர்ந்து ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். அதனால் சங்கிலிக்குப் பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்தினார்கள்.

அந்த ஒரு கோடு சரியாக இருந்தால் போதும். முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களை நடந்து அளக்காமலே கணக்கிடலாம். ஏரியின் இக்கரையில் நின்றே அக்கரை மரத்தின் தூரத்தைக் கண்டுபிடிப்பது போல. ஒரு முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படி மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் போனார்கள்.

கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது. லாம்ப்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே பழுது பார்த்தார். 1823-ல் அளவைப் பணியில் இருந்தபோதே மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தார். அடுத்து வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த முக்கோணச் சங்கிலியை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். மலைச் சிகரத்துக்கு வைத்திருப்பது இவர் பெயரைத்தான்.

பூமி சரியான உருண்டை கிடையாது. துருவங்களில் சற்றுத் தட்டையானது. எவ்வளவு தட்டை என்று எவரெஸ்ட் 1830-ல் ஒரு கணக்கு தந்தார். இந்திய நிலப்பரப்புக்கு அது நன்றாகப் பொருந்தியது. மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூரை மூலப்புள்ளியாக வைத்து நாட்டின் வரைபடங்கள் அந்தக் கணக்கில் வந்தன. செயற்கைக்கோள்கள் வந்த பிறகு, பூமியின் மையத்திலிருந்து எண்ணும் உலகப் பொதுக் கணக்கு ஒன்று வந்தது. நம் செல்போன் காட்டும் எண்கள் அதில்தான் வருகின்றன. 2005-ம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு, பொதுமக்களுக்கான சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்களும் அந்தக் கணக்குக்கு மாறின.

இரண்டு கணக்கிலும் ஒரே கல்லுக்கு வெவ்வேறு அட்சரேகை, தீர்க்கரேகை வரும். ஒரு கணக்கின் எண்ணை மற்றொரு கணக்கின் வரைபடத்தில் அப்படியே குறித்தால், சென்னைப் பக்கத்தில் கல் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். கல் நகரவில்லை, எண்ணத் தொடங்கிய இடம்தான் மாறியிருக்கிறது.

இனி அந்தத் தென்னை வரிசைக்கு வருவோம். உங்கள் நிலத்தின் பழைய புலப்படத்தில் அட்சரேகை எதுவும் இருக்காது. கல்லுக்குக் கல் உள்ள தூரம்தான் இருக்கும். அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒட்டும்போது கோடு விலகலாம். சாதாரண செல்போன் ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே சில மீட்டர் தவறும். தோப்புக்குள் இன்னும் கூடும். 100 மீட்டர் நீள வரப்பு 5 மீட்டர் தள்ளித் தெரிந்தால், 12 சென்ட் போய்விட்டது போலத் தோன்றும். அதை நம்பி வேலியைப் பிடுங்கினால் வழக்குத்தான் மிஞ்சும்.

சந்தேகம் இருந்தால் புலப்படத்தை எடுத்து, அளவு மீட்டரிலா லிங்க்கிலா என்று முதலில் பாருங்கள். 100 லிங்க் என்றால் 66 அடி. ஒரு மீட்டர் கிட்டத்தட்ட 5 லிங்க். பிறகு எல்லையை அளந்து காட்டக் கோரி இ-சேவை மையம் வழியாக மனுக் கொடுங்கள். சர்வேயர் வரும் நாளில் பக்கத்து நிலக்காரரும் கூட இருக்கட்டும். ஒரே கல்லை நம்பாமல், அசையாத இரண்டு மூன்று பழைய கற்களைச் சரிபார்த்து அங்கிருந்து அளக்கச் சொல்லுங்கள். சர்வேயர்கள் இப்போது கொண்டுவரும் ரோவர் கருவி சில சென்டிமீட்டர் வரை துல்லியமானது. அதுவும் நிலையாக நட்டுவைத்த ஒரு நிலையத்திலிருந்து திருத்தம் வாங்கித்தான் வேலை செய்கிறது.

டிராக்டர் ஓட்டும்போது எல்லைக்கல் சாய்ந்தால் நீங்களே நட்டுவிடாதீர்கள்; கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். கல்லைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். ஆண்டுக்கு ஒருமுறை, உழவுக்கு முன்பு, நான்கு மூலைக் கற்களையும் மண் விலக்கிப் பாருங்கள். பக்கத்துக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு பார்ப்பது இன்னும் நல்லது.