விலக்குகளின் வரைபடம்

ஒரு நாட்டை அறிய அதன் வரலாற்றைப் படிக்கலாம். ஐஸ்லாந்தைப் பொறுத்தவரை, வாடகைக் காரின் இன்சூரன்ஸ் தாளைப் படித்தாலே போதும் என்று எனக்குத் தோன்றியது.

லைசென்ஸ் விஷயம் எளிது. நம்ம ஆர்.டி.ஓ.வில் 1000 ரூபாய் கட்டினால் ஓராண்டுக்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதி தருவார்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வரும் அந்தச் சின்னப் புத்தகம் புது லைசென்ஸ் அல்ல, இருப்பதன் மொழிபெயர்ப்பு. ஒரிஜினல் கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை.

சிக்கல் இன்சூரன்ஸில். "ஃபுல் இன்சூரன்ஸ்தானேப்பா?" என்று அம்மா போனில் கேட்டார். அந்தத் தாளில் அப்படி ஒன்று இல்லை. வாடகையோடு வரும் சி.டி.டபிள்யூ., கார் சேதமானால் நம் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. அதுவரை நம் பணம்தான். அதற்காகவே கிரெடிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைக்கிறார்கள். சரளைக்கல் தெறித்தால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். மணலும் எரிமலைச் சாம்பலும் பெயின்ட்டைச் சுரண்டினால் அதற்கு இன்னொன்று. காற்று கதவைப் பிய்த்தால் பெரும்பாலும் எதுவும் இல்லை. ஆற்றைக் கடக்கையில் எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், அதற்கும் இல்லை.

பயத்தைக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் எழுதிய தாள் அது. மலைக்குள் ஆறுகளைக் கடந்து போகும் எஃப் சாலைகளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். நிறுத்திய இடமெல்லாம் காரைக் காற்றுக்கு எதிர்முகமாக வைத்து, கதவை இறுகப் பிடித்தபடியே இறங்கினோம். இன்சூரன்ஸ் கைவிட்ட இடத்தில்தான் அந்தக் காற்று எங்களுக்குப் பழக்கமானது.