சோலையும் புல்லும்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தியபோது, சாலையோரச் சுவரின்மேல் ஒரு வரையாடு நின்றுகொண்டிருந்தது. நம்மைக் கண்டு அது அஞ்சவில்லை. நாம் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தோம், அது தின்றது. அதைப் பெரும்பேறாகவே அப்போது கருதினோம்.

மறுநாள் வால்பாறையில், புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகளைக் கண்டோம். வெள்ளிப் பிடரி சூழ்ந்த கறுத்த முகம். நுனியில் குஞ்சம் வைத்த வால். இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியவை. இரண்டுமே அழிவின் விளிம்பில் நிற்பவை. ஒன்று குளம்புடைய ஆட்டுக்கு உறவு. மற்றொன்று நமக்கு உறவு.

பள்ளி நாள்களில் மரநடு விழாக்களில் நாமும் குழி தோண்டியவர்களே. மரம் நடுவது எங்கும் எப்போதும் நன்மையே என்று நம்பி வளர்ந்தோம். குரங்கைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். வெடிப்பலா போன்ற சோலை மரங்களை நம்பி, கிளைவிட்டுக் கிளை தாவி வாழ்வது அது. தேயிலைக்காகச் சோலைகள் துண்டாடப்பட்டபின் தரையிறங்கிச் சாலையைக் கடக்கிறது. வண்டிகளில் அடிபட்டு மடிகிறது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டப்பட்ட பாலங்களில் அவை கடப்பதைப் பார்த்தபோது மனம் சற்று ஆறியது.

வரையாட்டின் கதை வேறு. அதற்கு வேண்டியது திறந்த புல்வெளியும் செங்குத்துப் பாறையும். அந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று எண்ணித்தான் சீகை மரங்களையும் தைல மரங்களையும் நட்டார்கள். மேய்ச்சல் நிலம் மறைந்தது. மரம் வெட்டப்பட்டதால் ஒன்று நலிந்தது. மரம் நடப்பட்டதால் மற்றது நலிந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை ஓர் ஆடு நமக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது!

தமிழக அரசு 2023-இல் வரையாட்டுக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,303 ஆடுகள் காணப்பட்டன. ஒரு மாநில விலங்குக்கு இது சிறிய எண்தான். சோலைக் குரங்கோ ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரே குட்டியை ஈனும். இழந்ததை விரைவில் ஈடுசெய்ய அதனால் இயலாது.

திரும்பும் வழியில் அதே ஒன்பதாவது வளைவு. ஆடு வண்டியருகே வந்து நம் கைகளையே பார்த்தது. மீதிப் பொட்டலம் மடியில் இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டோம்.