நாற்பது வளைவுகள்: முதல் நாள்

மலைப்பயணம் என்றால் நான்கு பேர் கூடி, ஒரு வேன் பிடித்து, பாட்டும் கூத்துமாகப் போய்வருவது என்றே நம்மவர் மனத்தில் பதிந்துவிட்டது. ஒருவர் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறுகிறார் என்றால், வீட்டில் ஏதோ மனத்தாங்கல் போலும் என்று ஐயுறுவோரே மிகுதி. ஆயினும் தனியே செல்வதில் ஒரு நன்மை உண்டு. பேசத் துணையில்லாதவர் கேட்கத் தொடங்குகிறார். கூட்டமாகச் செல்வோரிடம் வழியில் இருப்பவர்கள் தாமாக வந்து பேசுவதில்லை, தனியாளிடம் பேசுகிறார்கள். இந்தக் கட்டுரைக்குக் காரணமும் அப்படி ஒருவர் பேசியதுதான். தனிப்பயணத்தைப் பற்றி எழுதும்போது ‘நான்’ என்பது ஏனோ கைக்கு வரவில்லை. வாசிப்பவரையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டதாக எண்ணி ‘நாம்’ என்றே எழுதிச் செல்கிறோம், பொறுத்தருள்க.

திட்டம் எளியது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை, அங்கிருந்து சோலையாறு, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகக் கேரளத்துச் சாலக்குடியில் இறங்குவது. முதல் நாளுக்கு வகுத்துக்கொண்டது 64 கிலோமீட்டர் மட்டுமே. இதில் ஆழியாறு வரையிலான பாதை சமவெளி. மீதமுள்ள ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. கணக்குப் பார்த்து ஏறலாம்.

தை மாதக் காலை. பொள்ளாச்சியைக் கடந்ததும் இருபுறமும் தென்னந்தோப்புகள். தோப்புகளுக்கு மேலே, வானத்தோடு ஒட்டிய நீலச் சுவராக ஆனைமலைத் தொடர் எழுந்து நிற்கிறது. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்துக்குரிய பதிகம் குறிப்பிடும் உம்பற்காடு இந்த மலைப்பகுதியே என்று அறிஞர் சிலர் கருதுவர். உம்பல் என்றால் யானை. பெயர்கள் மாறினாலும் யானை மாறவில்லை என்பது இந்த மலைக்கு உள்ள பெருமை.

ஆழியாறு அணைக்கரையில் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் நின்றோம். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் ஓர் அங்கம் இந்த அணை. மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலந்துவிடக்கூடிய மலையாறுகளின் நீரை, மலையைக் குடைந்த சுரங்கக் கால்வாய்கள் வழியே கிழக்கே திருப்பி, கொங்கு மண்ணின் வறண்ட வயல்களுக்குக் கொண்டுவந்த திட்டம் அது. இங்கே சமவெளி வாழ்வது மலையின் தயவில். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு ஏறினால் பின்னால் வருவன எல்லாம் வேறு விதமாகத் தெரியும்.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஞெகிழிப் பொருள் உண்டா என்று பார்த்துவிட்டு, "வளைவுல ஹாரன் அடிச்சுட்டுப் போங்க, எங்கயும் இறங்கிக் காட்டுக்குள்ள போகாதீங்க" என்று சொல்லி அனுப்பினார் காவலர். 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு இது. குரங்கு அருவியைத் தாண்டியவுடன் ஏற்றம் தொடங்கிவிடுகிறது.

*

மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதற்கென்று ஓர் ஒழுக்கம் உண்டு. ஏறும் வண்டிக்கே முதலிடம். இறங்குபவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும்; பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, கண்ணை வளைவின் முடிவில் வைக்க வேண்டும். பார்வை எங்கே போகிறதோ வண்டியும் அங்கேயே போகும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவர் பள்ளத்துக்குத்தான் போவார். இதையெல்லாம் படித்து அறிந்திருந்தாலும், மூன்றாம் வளைவில் எதிரே வந்த அரசுப் பேருந்து கற்றுக்கொடுத்ததற்கு ஈடில்லை. அந்த நீண்ட வண்டியை ஒரே திருப்பில், பின்னுக்கு எடுக்காமல், முன்சக்கரம் தடுப்புச் சுவரை உரசிவிடுமோ என்று நாம் அஞ்சும்படி வளைத்து, ஓட்டுநர் நம்மைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். நாள்தோறும் செய்பவருக்கு அது ஒரு வேலை, நமக்கோ அதிசயம்.

ஒன்பதாம் வளைவில் காட்சிமுனை ஒன்று இருக்கிறது. லோம்ஸ் வியூ என்று ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் ஒரு கண்ணாடித் துண்டு போலக் கிடக்க, அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளி புகைபோல விரிகிறது. நாம் நின்ற இடத்துக்குச் சற்று மேலே, செங்குத்தான பாறையில் ஐந்து வரையாடுகள். சங்க நூல்கள் ‘வருடை’ என்று அழைக்கும் விலங்கு. இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. இதைக் காக்கவென்றே 2023-இல் தனித் திட்டம் ஒன்றை மாநில அரசு தொடங்கியது. மனிதக் கால் ஊன்ற முடியாத விளிம்பில் ஒரு குட்டி, தாயின் வயிற்றடியில் முட்டிக்கொண்டிருந்தது. அருகே ஒரு வேனிலிருந்து இறங்கிய கூட்டம் படமெடுக்க ஓடியது. வரையாடுகள் பொருட்படுத்தவே இல்லை.

அதற்கு மேல் காடு நெருங்கிவிடுகிறது. காதடைத்துத் திறக்கிறது. வெயில் இலைகளுக்கிடையே சில்லறைக் காசுபோலச் சிதறிக் கிடக்கிறது. இருவாச்சியின் சிறகொலி கேட்கும் என்று சொல்லியிருந்தார்கள், நமக்கு வாய்க்கவில்லை. அட்டகட்டியைக் கடந்து மேலும் சில வளைவுகள் ஏறியதும், யாரோ திரையை விலக்கியதுபோல் காடு முடிந்து தேயிலை தொடங்குகிறது. சீப்பால் வாரிவிட்டதுபோல் ஒழுங்கான பச்சை. இடையிடையே சில்வர் ஓக் மரங்கள். அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகள். கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது காடு அல்ல; காட்டை அழித்து நட்ட தோட்டம்.

*

தேயிலை தொடங்கும் இடத்தில் ஒரு சிறு தேநீர்க்கடை. பலகையில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். மடித்த வேட்டி, கம்பளிக் குல்லாய், மடியில் ஒரு துணிப்பை. கீழே போகும் பேருந்துக்குக் காத்திருந்தார்.

"ஒத்தையாவா வந்தீங்க தம்பி?"

"ஆமாங்க ஐயா."

"நல்லதுதான். கூட்டமா வர்றவங்க குரங்குக்குச் சிப்ஸ் போட்டுட்டுப் போயிருவாங்க. மலையைப் பார்க்க மாட்டாங்க."

தேநீர் வந்தது. மலையெங்கும் தேயிலை இருக்க, கடையில் கொதித்தது தூள் தேநீர்தான். நல்ல இலையெல்லாம் ஏலத்துக்குப் போய்விடும் என்று சிரித்தார். பேச்சு வளர்ந்தது. அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மேஸ்திரி ஒருவர் கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு இந்த மலைக்கு வந்தவர். அப்பா இங்கே பிறந்தார்; இவரும் இங்கே லயன் வீட்டில் பிறந்தவர். முப்பத்தெட்டு ஆண்டுகள் தோட்டத்தில் வேலை. ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மனைவி இன்னும் கொழுந்து பறிக்கப் போவதால் வீடு நிலைத்திருக்கிறது. பங்குனியில் அந்த அம்மாளுக்கும் ஓய்வு. அதன்பின் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். லயன் வீடு வேலை செய்பவருக்குத்தான்.

"சாவியைக் குடுத்தாத்தான் கணக்கு முடிப்பாங்க. பொண்ணு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கா. அங்கதான் வீடு பார்க்கப் போறேன். ஒத்தை ரூமுக்கு அம்பதாயிரம் அட்வான்ஸ் கேக்குறாங்க."

சற்று நேரம் தேநீரை ஆற்றினார். பிறகு எவரையும் குறைசொல்லாத குரலில் சொன்னார்:

"எங்க தாத்தன் அட்வான்ஸ் வாங்கிட்டு மலையேறுனாரு. நான் அட்வான்ஸ் குடுக்க மலையிறங்குறேன்."

நாம் என்ன சொல்ல முடியும்? "இங்கேயே ஓர் இடம் வாங்கி இருக்க முடியாதா ஐயா?" என்று கேட்டோம். கையை நீட்டி ஒரு பக்கம் காட்டினார்: "அது எஸ்டேட்." மறுபக்கம் காட்டினார்: "அது பாரஸ்ட்." பேருந்து வந்துவிட்டது. "பார்த்துப் போங்க தம்பி, மேல மூடுபனி இருக்கும்" என்று சொல்லி ஏறிக்கொண்டார். நம் தேநீருக்கும் அவரே காசு கொடுத்திருந்தார் என்பது அவர் போனபிறகே தெரிந்தது.

*

இந்தத் தோட்டங்களின் கதை தமிழில் எழுதப்படாதது அன்று. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் 1969-இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதனடியாக எழுந்த ‘பரதேசி’ திரைப்படம் 2013-இல் வந்தது. சமவெளியின் பஞ்சத்துக்குத் தப்பி, மேஸ்திரியின் இனிய சொற்களை நம்பி மலையேறியவர்கள், கடன் தீராமல், குளிரிலும் மலேரியாவிலும் செத்து மடிந்ததை அந்நூல் சொல்கிறது. அந்நாளைய கொடுமைகள் இன்று இல்லை. தொழிற்சங்கங்கள் வந்தன, 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது, மருத்துவமும் பள்ளியும் உரிமைகளாயின. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆயினும் நாவலில் வருவோரின் துயரம் மலையிலிருந்து இறங்க முடியாததில் இருந்தது. தேநீர்க்கடையில் கண்ட பெரியவரின் துயரம் மலையில் இருக்க முடியாததில் இருக்கிறது. நூறாண்டு உழைத்த மூன்று தலைமுறைக்கு, இறுதிவரை இந்த மண் பணியிடம் மட்டுமே.

அதே நினைவோடு ஏறினோம். கவர்க்கல் பக்கத்தில் சாலையோரம் கார்வர் மார்ஷின் சிலை நிற்கிறது. இங்கே தோட்டங்களை உருவாக்கிய முன்னோடியாகப் போற்றப்படும் ஆங்கிலேயர். அவருடைய உழைப்பையும் துணிவையும் மறுப்பதற்கில்லை. ஆனால் காட்சிமுனைக்கு ஒரு துரையின் பெயர், சிலைக்கு ஒரு துரையின் உருவம் என்று இருக்கும் இந்தப் பாதையில், கூடை சுமந்தவர்களுக்கு ஒரு கல்லாவது நடப்பட்டிருக்கிறதா என்று கண்கள் தேடின. நாம் ஏறிய பக்கத்தில் எதுவும் கண்ணில் படவில்லை. பெரியவர் சொன்ன மூடுபனி அங்கேதான் வந்து சூழ்ந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல ஊர்ந்தோம்.

மலைக்கு அவர்களினும் மூத்த குடிகளான காடர்களின் கதையும் இருக்க இடம் பற்றியதே. 2019-ஆம் ஆண்டுப் பெருமழையில் மண் சரிந்து வாழ்விடத்தை இழந்த கல்லார்குடிக் காடர்கள், அருகிலுள்ள தெப்பக்குளமேட்டில் குடியமர நீண்ட போராட்டம் நடத்தியே உரிமை பெற்றார்கள்.

ரொட்டிக்கடையைத் தாண்டிப் புதுத்தோட்டத்தை நெருங்கியபோது பனி விலகியிருந்தது. இங்கே சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் பாலம்போலக் கட்டியிருக்கிறார்கள். சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடப்பதற்காக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் செய்த ஏற்பாடு. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தாய், குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு அதன்மீது நிதானமாக நடந்து போயிற்று. காடு துண்டுபட்டுப்போன இடத்தில் ஒரு கயிற்றுப்பாலமாவது கட்டித் தர மனிதரால் முடிகிறது என்பது ஆறுதல்.

*

வால்பாறையில் அறை எடுத்து, மாலையில் கடைவீதிக்கு நடந்தோம். ஒற்றைத் தெருவின் இருபுறமும் கடைகள். கம்பளி, கொடுவாள், ரப்பர் காலணி, மிட்டாய். கடைக்காரர் ஒருவரின் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. எந்த எஸ்டேட் அருகே யானைக்கூட்டம் நிற்கிறது என்ற செய்தி. யானைகள் இருக்குமிடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு அறிவிக்கும் முறையை ஆனந்தகுமாரும் அவர் குழுவினரும் இங்கே வளர்த்தெடுத்தார்கள். அதற்காக 2015-இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. இருட்டில் எதிர்பாராமல் யானைமுன் போய் நிற்பதால் நேரும் சாவுகளைத் தடுப்பதே நோக்கம். யானையை விரட்டுவதன்று, அது இருக்குமிடத்தை அறிந்து ஒதுங்குவது.

பேருந்து நிலையத்தில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு தகரப்பெட்டி, இரண்டு மூட்டைகள். ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். உள்ளூர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட, இப்போது கொழுந்து பறிக்க வடக்கிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நடத்துநர் தமக்குத் தெரிந்த இந்தியில், எஸ்டேட்டின் பெயரைச் சொல்லி ஏறச் சொன்னார். பெட்டியைத் தூக்கிவிட நாமும் ஒரு கை கொடுத்தோம். அந்தப் பெண் குழந்தைகளைச் சாலைப் பக்கம் விடாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். சிறுத்தையைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். தேயிலைச் செடிகளின் மறைவிலிருந்து வரும் சிறுத்தைக்குக் குழந்தைகளைப் பறிகொடுத்த வீடுகள் இந்த மலையில் உண்டு.

கடைசிப் பேருந்து புறப்பட்டது. எங்கோ ஒரு லயனில் அவர்களுக்காக ஒரு வீடு திறக்கப்படும். அதில் முன்பு யார் இருந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. எத்தனை காலம் இருக்கலாம் என்பதும் அன்றிரவு அவர்கள் கேள்வியாக இருக்காது. குளிருக்குப் போர்வை போதுமா என்பதே கேள்வியாக இருக்கும்.

அறைக்குத் திரும்பும் வழியில் தொலைவிலிருந்த ஒரு சரிவில் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டோம். அந்தப் பக்கம் யானை நிற்கிறது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். நாளை மளுக்கப்பாறைச் சாவடி திறக்கும் நேரத்துக்குச் சென்றுசேர வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டு, விடுதிப் படிகளில் ஏறினோம்.