காலி நாற்காலியும் ஏலக்காட்டு நிழலும்

சென்னை சென்ட்ரலில் இரவு ஏறிப் படுத்த நாங்கள், ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து தேனியில் வண்டி நின்றபோது நன்றாக விழித்திருந்தோம். சன்னலோரம் அமர்ந்திருந்த என் மகள், "அத்தா, வண்டி மலைக்குள்ளேயே போகப் போகிறதா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. தேனிக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் போடிநாயக்கனூர். அத்துடன் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் சுவர் எழுப்பியதுபோல் மேற்குத் தொடர்ச்சி மலை.

இந்த வண்டிக்காக அவ்வூர் மக்கள் நெடுங்காலம் காத்திருந்தார்கள். மதுரையிலிருந்து ஓடிய மீட்டர் கேஜ் வண்டி, அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் 15 அன்று போடி வரையிலும் மீண்டும் வண்டி வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டரை ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு 'ரயிலடி' என்பது வெறும் பெயராகவே இருந்திருக்கும்!

நிலையத்தில் மச்சான் காத்திருந்தார். என் மனைவியின் அண்ணனாகிய அவர் ஏலக்காய் வியாபாரி. ஊருக்குள் நுழைந்ததுமே அவருடைய தொழிலின் மணம் நம்மை வரவேற்றுவிடுகிறது. கிடங்குகளில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, முறத்தில் பரப்பிய காய்களைப் பருமனும் நிறமும் பார்த்துப் பிரித்துக் கொண்டிருக்கிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறுகிறது. ஏலத்துக்கே ஏலம் விடும் ஊர் என்று மச்சான் வேடிக்கையாகச் சொல்வார். இவ்வூரின் கல்லூரியொன்றே ஏல விவசாயிகள் சங்கத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சற்றுத் தெற்கே, உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியோ, இப்பள்ளத்தாக்கின் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் பட்டதாரிகளாக்கிய நிறுவனம்.

பந்தலும் வெயிலும்

அன்று மாலை மச்சான் எங்களை மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். கல்லூரி அணிகள் மோதும் மூன்று நாள் கபடிப் போட்டி. தொடர் முழுவதற்கும் 'சீசன் டிக்கெட்' அச்சிட்டிருந்தார்கள். அதை வாங்கியோருக்குப் பந்தலின் கீழ் நாற்காலியும், இடைவேளையில் ஏலக்காய்த் தேநீரும் சலுகைகள். மற்றவர்கள் கயிற்றுக்கு அப்பால் நிற்கலாம், கட்டணமில்லை. மச்சானின் சீட்டுகள் தயவால் நாங்கள் பந்தலின் கீழ் அமர்ந்தோம்.

பந்தலில் பாதி நாற்காலிகள் காலி. சிலவற்றில் துண்டு கிடந்தது. சிலவற்றில் பெயரெழுதிய அட்டை. கயிற்றுக்கு அப்பாலோ நிற்க இடமில்லை. மேற்கு வெயில் முகத்தில் அடித்தது. அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய், தலையில் துண்டும் கையில் தூக்குச்சட்டியுமாக நின்றிருந்தார். மலைத்தோட்டத்தில் காய் பறிக்கும் வேலை. ஆடுகின்ற அணியொன்றில் அவருடைய மகன் இருக்கிறான். அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஜீப் பிடித்து இறங்கி வந்திருக்கிறார். இவ்வளவையும் என் மகள்தான் அவரிடம் பேசித் தெரிந்துகொண்டாள். பிறகு என்னிடம் வந்து, "யாருமே உட்காராத நாற்காலிக்கு எதற்கு அத்தா நிழல்?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவளோ அந்தத் தாயை அழைத்து வந்து எங்கள் பக்கத்து நாற்காலியில் அமர்த்திவிட்டாள். இரண்டு நிமிடம்கூடக் கடந்திருக்காது. மார்பில் அட்டை அணிந்த மாணவத் தொண்டர் ஒருவர் விரைந்து வந்து, "தங்கச்சி, இது சீசன் டிக்கெட்காரங்க இடம்" என்றார். அவர் கடிந்து சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தாய் சட்டென்று எழுந்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மீண்டும் வெயிலுக்குச் சென்றுவிட்டார். ஆட்டம் முடியும்வரை அந்த நாற்காலிக்கு எவரும் வரவில்லை. நானும் எழுந்து என் இடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. விருந்தாளியாக வந்தவன் எதற்குத் தலையிட வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்று எழுதும்போதும் அது உறுத்துகிறது.

இரவில் எழுந்த வழக்கு

அந்தத் தொண்டர் மச்சானுடைய மகனின் வகுப்புத் தோழர். இரவு உணவுக்குப்பின் அவரும் இன்னும் சில மாணவர்களும் திண்ணையில் கூடினார்கள். பேச்சு தானாகவே அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தது.

தொண்டரின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. "மாமா, விளக்கு, தளம், வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு இவ்வளவும் எங்கிருந்து வருகிறது? முதல் ஆட்டம் தொடங்குமுன்பே சீட்டு வாங்கியவர்கள் தந்த பணம். அதனால்தான் மற்றவர்கள் இலவசமாகப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட உறுதியில்லை என்றால், அடுத்த ஆண்டு யார் வாங்குவார்கள்?"

இன்னொரு மாணவர் குறுக்கிட்டார். "வாங்கியவர்களில் பாதிப் பேர் இறுதி ஆட்டத்துக்கு மட்டுமே வருகிறார்கள். முதல் இரண்டு நாளும் நிழலில் துண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆட்களோ வெயிலில் நிற்கிறார்கள்."

மச்சானின் மூத்த மகன் அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து விடுமுறைக்கு வந்திருந்தார். அந்நாட்டுச் செய்திகளை அவர் சொன்னபோது அனைவரும் வியந்தோம். அங்கே கல்லூரிகளின் கால்பந்தாட்டத்துக்கு இலட்சம் பேர் திரளுகிறார்களாம். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ளன. பல கல்லூரிகளில், நல்ல இடத்துக்கான சீசன் டிக்கெட்டை வாங்கும் உரிமை பெறுவதற்கே தனியாக நன்கொடை தரவேண்டும். யார் எவ்வளவு காலம், எவ்வளவு கொடுத்தார் என்று கணக்கிட்டு, இருக்கையும் வண்டி நிறுத்தும் இடமும் ஒதுக்குகிறார்கள். அந்த நன்கொடையில் 80 விழுக்காட்டுக்கு வருமான வரிக் கழிவும் இருந்தது. 2017இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நீக்கிவிட்டது. "அங்கும் இதே சண்டைதான்" என்று சிரித்தார் அவர். "பணம் தந்தவர் வராவிட்டால் அந்த இடம் யாருடையது என்று ரசிகர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள்."

இதுவரை பேசாதிருந்த பக்கத்து வீட்டு ஹாஜியார் அப்போது தொண்டையைச் செருமினார். அவர் 1999ஆம் ஆண்டு ஜனவரியில், சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா – பாகிஸ்தான் டெஸ்ட் பந்தயத்துக்கு ஐந்து நாள் சீசன் டிக்கெட் வாங்கிப் போனவர்.

"இந்தியாவுக்குத் தேவை 271. டெண்டுல்கர் 136 அடித்தார். ஆனாலும் 258இல் எல்லாரும் ஆட்டமிழந்தோம். 12 ஓட்டத்தில் தோல்வி. நான்காம் நாளே முடிந்துவிட்டதால் என் சீட்டில் ஐந்தாம் நாள் துண்டு கிழிபடாமல் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அழுகை வருகிற நேரம். அப்போது பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது! குறைந்த கட்டணக்காரர், அதிகக் கட்டணக்காரர் என்ற வேறுபாடே இல்லை. நான் கொடுத்த காசுக்கு நாற்காலி கிடைத்தது. ஆனால் நான் கண்ட அந்தக் காட்சி எந்தச் சீட்டிலும் அச்சிடாத சலுகை. அதைத் தந்தவர்கள் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள். அரங்கம் பாதி காலியாக இருந்திருந்தால் அது கிடைத்திருக்குமா?"

அதே சேப்பாக்கத்தில் பின்னர் நிகழ்ந்ததை நான் நினைவூட்டினேன். 2011 உலகக் கோப்பையை ஒட்டி எழுப்பிய புதிய மாடங்களில் மூன்று, கட்டட அனுமதிச் சிக்கலால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள்! வெளியே மக்கள் சீட்டுக்காக இரவெல்லாம் வரிசையில் நிற்க, உள்ளே வெற்று இருக்கைகள் ஆட்டம் பார்த்தன. அதன் காரணமாகவே 2019இல் ஐ.பி.எல். இறுதியாட்டம் ஐதராபாத்துக்குப் போயிற்று. இதற்கு மாறான சலுகையும் அங்கே உண்டு. 2023இல் ஐ.பி.எல். ஆட்டச் சீட்டு வைத்திருந்தோர் மெட்ரோ ரயிலிலும், 2024இல் மாநகரப் பேருந்திலும் கட்டணமின்றிப் பயணம் செய்தார்கள். அச்சலுகை யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. சாலை நெரிசலையும் குறைத்தது.

ஹாஜியார் எழுந்து செல்லுமுன் ஒரு சொல் சொன்னார். "ஜும்ஆவுக்கு முந்தி வந்து முன்வரிசையில் அமர்ந்தவர் ஒளூச் செய்ய எழுந்துபோனால், திரும்பி வரும்போது அந்த இடம் அவருக்கே உரியது. அது அவர் உரிமை. வீட்டிலே உறங்குகிறவருக்காக ஒருவர் துண்டு விரித்து இடம் பிடித்தால், அது உரிமையா? உங்கள் வழக்கும் இவ்வளவுதான், தம்பிகளா."

எவரும் உடனே விடை சொல்லவில்லை. ஆனால் தொண்டர் தம் கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலை சொன்ன பாடம்

மறுநாள் விடிகாலையிலேயே மலையேறினோம். முந்தல் சோதனைச்சாவடியைக் கடந்ததும் வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் போடியும் கண்மாய்களும் தென்னந்தோப்புகளும் சிறுத்துக்கொண்டே வந்தன. எங்களை முந்திக்கொண்டு ஜீப்புகள் பறந்தன. அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தவர்கள் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள். கீழே விடியுமுன் சோறாக்கி, மேலே பகல் முழுதும் குனிந்து காய் பறித்து, மாலையில் மீண்டும் இவ்வளைவுகளில் இறங்குவது அவர்களுடைய நாள். நேற்றுப் பார்த்த தாயும் இவற்றில் ஏதேனும் ஒன்றில் இருந்திருக்கக்கூடும்.

போடிமெட்டு வந்ததும் குளிர் உடம்பைத் தொட்டது. அத்துடன் தமிழக எல்லை முடிந்து கேரளம் தொடங்குகிறது. மச்சானுக்குப் பழக்கமான தோட்டமொன்றில் நுழைந்தோம். உயர்ந்த காட்டு மரங்கள். அவற்றின் கீழே ஆளுயரத்தை மிஞ்சிய ஏலச்செடிகள். காய்கள் உச்சியில் தொங்குவதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் காய்க்கின்றன. எனவே பறிப்பவர் குனிந்தே இருக்கவேண்டும். முற்றியதை மட்டும் தேர்ந்து கிள்ள வேண்டும். சில வாரங்கள் கழித்து அதே செடிக்கு மீண்டும் வரவேண்டும். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். அரபு நாடுகளில் விருந்தினருக்கு வழங்கும் 'கஹ்வா'வின் மணத்துக்குப் பின்னால் இத்தனை முதுகுவலி இருக்கிறது.

தோட்டக் கண்காணிப்பாளரிடம் என் மகள், "இவ்வளவு பெரிய மரங்கள் எதற்கு?" என்று கேட்டாள். "ஏலம் நிழலில் வளரும் பயிரம்மா. வெயில் நேரே பட்டால் கருகிவிடும்" என்றார் அவர். பிறகு மேலே காட்டி, "அதற்காக நிழலை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அடர்ந்துபோனால் செடி செழிக்கும், காய்ப்பு குறையும். அதனால் மழைக்காலத்துக்கு முன்னே கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவோம்" என்று விளக்கினார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். அப்பார்வையில் நேற்றைய கேள்வி இருந்தது.

மூன்றாம் நாள்

இறுதியாட்டத்தன்று மைதானத்தின் வாயிலில் கையெழுத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. சீசன் டிக்கெட் வைத்திருப்போரின் நாற்காலிகள் அன்றைய முதல் ஆட்டத்தின் இடைவேளை வரை காக்கப்படும். ஒருமுறை வந்து அமர்ந்தவர் எழுந்து சென்றாலும் அவரிடம் அவருக்கே. இடைவேளை வரை வராதவரின் நாற்காலியில் முதியோரும் பெண்களும் அமரலாம். தாமதமாக வருபவர், நடக்கும் ஆட்டம் முடிந்தபின் தம் இடத்தைப் பெறுவார்.

மாணவர்கள் இரவெல்லாம் வாதாடி இதை எட்டியிருந்தார்கள். அனைவருக்கும் உடன்பாடு என்று சொல்லமாட்டேன். "அடுத்த ஆண்டு சீட்டு குறைவாக விற்றால் நஷ்டத்தை யார் தாங்குவது?" என்று ஒருவர் அப்போதும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கவலை பொய்யன்று. போட்டி நின்றுபோனால் கயிற்றுக்கு அப்பால் நிற்பவருக்கும் இழப்புத்தான்.

முதல் ஆட்டத்தின் முற்பாதி 20 நிமிடங்கள் முடிந்து ஊதல் ஒலித்தது. தொண்டர் தாமே கயிற்றைத் தாண்டிச் சென்று, அந்தத் தாயை அழைத்து வந்து அமர்த்தினார். இம்முறை அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். சிறிது நேரத்தில் மச்சான் வியர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார், கிடங்கில் தாமதமாகிவிட்டதாம். அவர் நாற்காலியில்தான் அந்தத் தாய் அமர்ந்திருந்தார்! மச்சான் அறிவிப்பைப் படித்தார். தம் மகனை ஒருமுறை முறைத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் நாற்காலியின் பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை.

"இருங்க மாப்பிள்ளை. நின்னு பார்த்தால்தான் ஆட்டம் நல்லாத் தெரியுது" என்றார்.

ஊர் திரும்பும் வண்டியில், மச்சான் கட்டித்தந்த ஏலக்காய்ப் பொட்டலம் பெட்டி முழுவதையும் மணக்கச் செய்தது. எதிர் இருக்கை காலியாக இருந்தது. எங்கள் பையை அதில் வைத்திருந்தோம். தேனியில் ஒரு முதியவர் ஏறி, தயங்கி நின்றார். என் மகள் சொல்வதற்கு முன்பே நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.